எப்போதிலிருந்து இப்படி?

மனநல மருத்துவர்கள் முதல் சந்திப்பில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “எப்போதிலிருந்து இப்படி இருக்கிறார்?” கேட்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். பதில் சொல்ல உட்கார்ந்தால்தான் கஷ்டம் தெரியும். என் தம்பிக்கு 19 வயதில் சைக்கோசிஸ், அதாவது எது நிஜம் என்ற பிடி நழுவிப்போகும் நிலை, வந்தபோது இதே கேள்விக்கு அம்மா ஒரு மாதத்தைச் சொன்னார், அப்பா வேறொரு மாதத்தைச் சொன்னார், நான் அதற்கும் முந்தைய வருடத்திலிருந்து ஆரம்பித்தேன். டாக்டர் யாரையும் திருத்தவில்லை. மூன்றையும் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் “அப்போது தூக்கம் எப்படி? படிப்பு? நண்பர்கள் வந்துபோனார்களா?” என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அவர் தேடியது ஓர் இடைவெளியை. நோய் வெளிப்படையாகத் தொடங்கிய நாளுக்கும், அதற்கான சரியான சிகிச்சை தொடங்கிய நாளுக்கும் நடுவே எவ்வளவு காலம் வீணாய்ப் போயிற்று என்பதை. உலகம் முழுக்க சைக்கோசிஸ் பற்றிய ஆய்வுகளில் இந்த இடைவெளியை அளக்கிறார்கள். சில இடங்களில் அது வாரக்கணக்கு, பல இடங்களில் மாதக்கணக்கு, வருடக்கணக்கும் உண்டு. அமெரிக்காவில் 21 மாநிலங்களின் 34 சிகிச்சை மையங்களில் முதல்முறை வந்த 404 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் சரிபாதிப் பேர் சிகிச்சை கிடைக்கும் முன் 74 வாரங்களுக்கு மேல் நோயோடு இருந்தவர்கள். 74 வாரம் என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை வருடம். காதில் குரல் கேட்டுக்கொண்டே, யாரோ தன்னைத் துரத்துகிறார்கள் என்று நம்பிக்கொண்டே ஒன்றரை வருடம் இருந்திருக்கிறார்கள். அதே ஆய்வில், அதைவிடக் குறைந்த காலத்தில் வந்து சேர்ந்தவர்களுக்குத்தான் பல துறையினர் ஒரு குழுவாகச் சேர்ந்து தந்த புதிய சிகிச்சையால் கூடுதல் பலன் கிடைத்தது.

சைக்கோசிஸ் ஒரே நோய் அல்ல. மனச்சிதைவில் வரும், இருதுருவ மனநிலைக் கோளாறில் வரும், கடுமையான மனச்சோர்விலும் வரும், கஞ்சா போன்றவற்றாலும் தூண்டப்படும். ஆள் இல்லாத இடத்தில் குரல் கேட்பது, தவறான ஓர் எண்ணம் யார் சொன்னாலும் அசையாத நம்பிக்கையாக மாறுவது, பேச்சு கோர்வை இழப்பது ஆகியவை அதன் முக்கிய அடையாளங்கள். பெரும்பாலும் பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் தொடங்குகிறது. படிப்பை முடிக்கிற, வேலை தேடுகிற, யாரையாவது விரும்புகிற வயது. அந்த வயதில் போகும் ஒரு வருடம் மற்ற வயதில் போகும் ஒரு வருடம் மாதிரி அல்ல. நோய் பிறகு முழுக்கக் கட்டுக்குள் வந்தாலும், உடன் படித்தவர்கள் எல்லோரும் எங்கேயோ போயிருப்பார்கள்.

சரி, இவ்வளவு தெரிந்தும் ஏன் தாமதமாகிறது? குடும்பத்துக்கு அக்கறை இல்லை என்று சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். நான் பார்த்த வரையில் அது உண்மை இல்லை. அக்கறை இருப்பவர்கள்தான் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துத் தருகிறார்கள், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் உண்மையிலேயே ஒரு காரணம் இருக்க முடியும்.

தம்பி முதலில் லேப்டாப் கேமராவின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டினான். அதில் என்ன இருக்கிறது, பலர் ஒட்டுகிறார்கள். அப்புறம் இரவில் ஃபோனைக் கொண்டுபோய் வேறு அறையில் வைத்தான். நல்ல பழக்கம். நண்பர்களோடு பேச்சு குறைந்தது, பரீட்சை நேரம். குளிப்பது குறைந்தது, அந்த வயதுப் பையன்கள் அப்படித்தான். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எதிர்ச்சாரியில் நிற்கும் வண்டிகளின் எண்களை எழுத ஆரம்பித்தான். வண்டியின் நிறம், வந்த நேரம், எத்தனை நிமிடம் நின்றது, ஓட்டியவர் திரும்பிப் பார்த்தாரா இல்லையா எல்லாம் ஸ்கேலால் கோடு போட்ட கட்டங்களில். அவன் கையெழுத்து அவ்வளவு ஒழுங்காக இருந்து நான் பார்த்ததில்லை. “எதுக்குடா இது?” என்று கேட்டேன். “உனக்குத் தெரிய வேண்டாம்க்கா. தெரிஞ்சா உன்னையும் விட மாட்டாங்க” என்றான்.

அந்தப் பதிலை நான் பல வருடங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவன் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நோய் அல்ல, ஆபத்து. ஆபத்தில் இருப்பவனிடம் போய் “அப்படி ஒன்றும் இல்லை, எல்லாம் உன் கற்பனை” என்று சொன்னால், ஒன்று நாம் முட்டாள், இல்லையென்றால் எதிரிகளோடு சேர்ந்துவிட்டோம் என்றுதான் அவனுக்குப் படும். “டாக்டரிடம் போகலாம் வா” என்பதும் அப்படித்தான் கேட்கும். தனக்கு நோய் இருப்பது தெரியாமல் போவது இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று. பிடிவாதம் என்று அதைத் திட்டுவது எலும்பு முறிந்தவரை ஏன் நடக்கவில்லை என்று திட்டுவது போல.

தாமதத்தின் இன்னொரு பாதி வீட்டுக்கு வெளியே இருக்கிறது. உதவி தேடிப் போன பிறகும் நாட்கள் போகின்றன. எங்களை முதலில் பார்த்த ஒரு மருத்துவர் தூக்கத்துக்கு மட்டும் மாத்திரை எழுதி, பரீட்சை முடிந்தால் சரியாகிவிடும் என்று அனுப்பினார். அவர் கெட்டவர் அல்ல. எதிரே உட்கார்ந்திருந்த பையன் அன்றைக்குக் கேட்ட கேள்விக்கெல்லாம் பணிவாகப் பதில் சொன்னான். நோட்டுப் புத்தகத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை. கூட வந்தவர்களிடம் தனியாக ஐந்து நிமிடம் பேசியிருந்தால் போதும். இதை நான் எல்லா இடத்திலும் சொல்வேன்: முதல்முறை போகும்போது, பார்த்ததைத் தேதியோடு எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். “ஒரு மாதிரி இருக்கிறான்” என்று சொல்லாதீர்கள். “ராத்திரி மூன்று மணிக்கு ஜன்னல் ஓரமாக நிற்கிறான், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதாகச் சொல்கிறான்” என்று சொல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசினாலோ, தன்னையோ பிறரையோ காயப்படுத்தும்படி குரல்கள் கட்டளை இடுவதாகச் சொன்னாலோ அன்றைக்கே போக வேண்டும். தற்கொலை ஆபத்து மிக அதிகமாக இருப்பது நோயின் ஆரம்ப காலத்தில்தான்.

இந்த இடைவெளியைப் பற்றி நியாயமான ஒரு சந்தேகம் உண்டு. சீக்கிரம் வருபவர்கள் நன்றாகத் தேறுகிறார்கள் என்றால், அது சீக்கிரம் வந்ததால்தானா? சிலருக்கு நோய் சத்தமில்லாமல், மெதுவாக, ஒதுங்குவதாக மட்டும் தொடங்குகிறது. அப்படிப்பட்டவர்கள் தாமதமாகத்தான் வருவார்கள், அந்த வகை நோய் ஆறுவதும் கடினம். தாமதம் காரணமா, வெறும் அடையாளமா? ஆளுக்கு ஆள் ஒப்பிட்டால் இதற்குப் பதில் கிடைக்காது. ஒரு வட்டாரத்தையே மாற்றிப் பார்க்க வேண்டும்.

நார்வேயில் அதைச் செய்தார்கள். தென்மேற்கில் இருக்கும் ரோகலாண்ட் வட்டாரத்தில் 1997-இல் தொடங்கி, சைக்கோசிஸின் ஆரம்ப அறிகுறிகள் என்ன என்று செய்தித்தாள், வானொலி, திரையரங்கு என்று எல்லாவற்றிலும் விளம்பரம் செய்தார்கள். பள்ளி ஆசிரியர்களுக்கும் பொது மருத்துவர்களுக்கும் தனியாகப் பயிற்சி கொடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம், யார் வேண்டுமானாலும் நேரடியாக அழைக்கக்கூடிய ஒரு குழுவை வைத்தார்கள். அம்மா அழைக்கலாம், ஆசிரியர் அழைக்கலாம், நண்பன் அழைக்கலாம், பாதிக்கப்பட்டவரே அழைக்கலாம். மருத்துவரின் கடிதம் வேண்டாம். வேலை நாட்களில் 24 மணி நேரத்துக்குள் ஆள் வந்து பார்ப்பார். முன்பு அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் சிகிச்சைக்கு வர 26 வாரங்களுக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது. இதற்குப் பிறகு அது சுமார் 5 வாரமாகக் குறைந்தது. வந்தவர்களின் நிலையும் அவ்வளவு முற்றியிருக்கவில்லை. பத்து வருடம் கழித்து அவர்களைத் தேடிப் போய்ப் பார்த்தபோது, நோயறிகுறி அடங்கி, சொந்தக் காலில் வாழ்ந்து, வேலையிலும் இருந்தவர்கள் இந்தப் பக்கம் ஏறத்தாழ 31 சதவீதம். இப்படிப்பட்ட ஏற்பாடு இல்லாத ஒப்பீட்டு வட்டாரங்களில் 15 சதவீதம்.

பிறகு விளம்பரங்களை நிறுத்தினார்கள். குழு இருந்தது, தொலைபேசி எண் இருந்தது, மருத்துவர்கள் இருந்தார்கள். 5 வாரம் 15 வாரமாகத் திரும்ப ஏறிவிட்டது.

எனக்கு இந்த இரண்டாவது முடிவுதான் முதல் முடிவைவிட முக்கியமாகப் படுகிறது. ஒருமுறை சொன்னால் போதும், ஊரே தெரிந்துகொண்டுவிடும் என்று நினைப்பது தவறு. ஒவ்வொரு வருடமும் புதிதாக ஒரு கூட்டம் 17 வயதை எட்டுகிறது. அவர்களுடைய பெற்றோர் இந்த விஷயத்தைப் பற்றி முதன்முறையாக யோசிப்பவர்கள். அவர்களுக்கு யாராவது புதிதாகச் சொல்லத்தான் வேண்டும்.

சீக்கிரம் கண்டுபிடிப்பது என்றதும் ஒரு பயமும் வருகிறது: கொஞ்சம் ஒதுங்கி இருக்கிற பிள்ளைகளை எல்லாம் நோயாளி ஆக்கிவிடுவார்களோ? பயம் நியாயமானது. மெல்போர்ன் நகரில் 1992-இல் பாட்ரிக் மெக்கோரி தலைமையில் இளைஞர்களுக்கென்றே ஆரம்ப சைக்கோசிஸ் மையம் தொடங்கியது. சில வருடங்களில் அதன் தொடர்ச்சியாக, இன்னும் நோய் வெளிப்படாத, ஆனால் ஆபத்தில் இருப்பவர்களுக்கும் தனி மருத்துவமனை வந்தது. லேசான சந்தேகங்கள், அரைகுறையாகக் கேட்கும் ஒலிகள், சரியும் படிப்பு என்று வருபவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்ததில் தெரிந்தது, அவர்களில் பெரும்பாலானோருக்கு முழுமையான சைக்கோசிஸ் வருவதே இல்லை. அதனால் அந்தக் கட்டத்தில் எடுத்த எடுப்பில் சைக்கோசிஸ் மாத்திரை கொடுப்பது முறை அல்ல. பேச்சுவழிச் சிகிச்சை, தூக்கத்தைச் சரிசெய்வது, பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மருத்துவம், கஞ்சா இருந்தால் அதை விட உதவி, தொடர்ந்த கவனிப்பு, இவைதான் முதலில். நோய் வராமலே போகலாம், ஆனாலும் அந்தப் பிள்ளை ஏதோ ஒரு கஷ்டத்தில்தான் வந்திருக்கிறது. நோய்க்குப் பெயர் தெரியும்வரை உதவியை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

நோய் வெளிப்பட்டுவிட்டால் நிலைமை வேறு. அப்போது மருந்து வேண்டும், தாமதிக்கக் கூடாது. அதற்கு முன் உடம்பில் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். தைராய்டு, வலிப்பு, சில மருந்துகள், உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் தன்னெதிர்ப்பு அழற்சி எல்லாம் இதே போன்ற தோற்றம் காட்டும். அந்த அழற்சியில் ஒரு முக்கியமான வகையை 2007-இல்தான் தெளிவாக அடையாளம் கண்டார்கள். அதற்கான மருத்துவமே வேறு. முதல்முறை வருபவர்களுக்குக் குறைந்த டோஸே பெரும்பாலும் போதும். பக்கவிளைவும் அவர்களுக்குத்தான் அதிகம் தாக்கும். முதல் சில மாதங்களில் எடை மளமளவென்று ஏறுவதைச் சின்ன விஷயமாக ஒதுக்கிவிடுகிறார்கள். 20 வயதுப் பையனுக்கு அது சின்ன விஷயம் அல்ல. மாத்திரையை ரகசியமாகத் துப்புவது பல வீடுகளில் அங்கேதான் தொடங்குகிறது. எடையும் சர்க்கரையும் கொழுப்பும் முதல் நாளே அளந்து, தொடர்ந்து அளக்க வேண்டும். டாக்டர் மறந்தால் நாம் கேட்க வேண்டும்.

இரண்டாவதாகப் போன இடத்தில் எங்களுக்கு ஒரு குழு கிடைத்தது. டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு உளவியலாளர், படிப்புக்கும் வேலைக்கும் உதவ ஒருவர். தம்பி உள்ளே வர மறுத்துப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். நர்ஸ் வெளியே வந்து, அவனுக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தார். நோயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வண்டிகளைப் பற்றி அவன் சொன்னதை மறுக்கவும் இல்லை, ஆமாம் போடவும் இல்லை. “இவ்வளவு பயத்தை வெச்சுக்கிட்டு எப்படித் தூங்குறீங்க?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து “தூங்கறதில்ல” என்றான். “தூக்கத்துக்கு ஏதாவது செய்ய முடியுமான்னு மட்டும் இன்னைக்குப் பார்ப்போமா?” அவ்வளவுதான் பேரம். அவன் எழுந்து உள்ளே போனான்.

இதைப் போன்ற குழுக்களால் பலன் உண்டா என்று 10 பரிசோதனைகளை, மொத்தம் 2,176 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2018-இல் வந்தது. வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டால், பார்த்த எல்லா அளவிலும் குழுச் சிகிச்சையே மேல்: சிகிச்சையை விட்டுவிடுபவர்கள் குறைவு, மருத்துவமனையில் சேர்க்கப்படுபவர்கள் குறைவு, படிப்பிலோ வேலையிலோ இருப்பவர்கள் அதிகம். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மருந்து குரலை அடக்கும். பாதியில் விட்ட படிப்பை அது திரும்ப எடுத்துத் தராது. அதற்குக் கல்லூரியோடு பேசி, பாடங்களைக் குறைத்து வாங்கி, முதல் நாள் வாசல் வரை கூடப்போக ஓர் ஆள் வேண்டும். “முழுக்கக் குணமாகட்டும், அப்புறம் வேலை பார்க்கலாம்” என்று காத்திருப்பதைவிட, விருப்பப்பட்ட வேலையில் சீக்கிரமே சேர்த்துவிட்டு அங்கேயே கூட நின்று உதவுவதுதான் பலன் தருகிறது என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள்.

குடும்பத்தையும் இந்தக் குழு சேர்த்துக்கொள்ள வேண்டும், விசிட்டர் மாதிரி வெளியே உட்கார வைக்கக் கூடாது. மாண்ட்ரியலிலும் சென்னையிலும் ஒரே மாதிரியான ஆரம்பச் சிகிச்சையை நடத்தி இரண்டு வருடம் ஒப்பிட்டார்கள். ஒதுங்கிப் போவது, ஆர்வமற்றுப் போவது போன்ற, மருந்துக்கு எளிதில் மசியாத அறிகுறிகள் சென்னையில் அதிகம் குறைந்தன. சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களும் அங்கே குறைவு. சென்னையில் குடும்பத்தின் பங்கு கூடுதலாக இருந்ததையும் ஆய்வாளர்கள் கவனித்தார்கள். கூடவே ஒன்றையும் சொல்ல வேண்டும்: குடும்பம் தாங்குகிறது என்பதற்காக எல்லாவற்றையும் குடும்பத்தின் தலையில் கட்டிவிடக் கூடாது. என் அம்மா அந்த முதல் வருடத்தில் எங்கள் யாரையும்விட அதிகமாக இளைத்துப்போனார்.

இனி நான் அதிகம் கவலைப்படும் பகுதி. டென்மார்க்கில் 1998-லிருந்து 547 பேரை வைத்து இரண்டு வருடக் குழுச் சிகிச்சையைச் சோதித்தார்கள். இரண்டு வருட முடிவில் நல்ல வித்தியாசம் தெரிந்தது. பிறகு எல்லோரையும் வழக்கமான சிகிச்சைக்கு அனுப்பினார்கள். ஐந்தாம் வருடம் பார்த்தால் அறிகுறிகளில் அந்த வித்தியாசம் இல்லை. ஆதரவு இல்லங்களில் வாழ்பவர்கள் குறைவு என்பது போன்ற சில நன்மைகள் மட்டும் மிஞ்சின. நார்வேயில் விளம்பரம் நின்றதும் நடந்ததுதான் இங்கேயும். அப்படியானால் ஐந்து வருடமாக நீட்டிவிடலாமா? ஆய்வுகள் ஒரே பதிலைச் சொல்லவில்லை. மாண்ட்ரியலில் நீட்டியபோது நோய் அடங்கியிருந்த காலம் கூடியது. டென்மார்க்கில் நீட்டியபோது பெரிய வித்தியாசம் இல்லை. அதற்குள் அங்கே வழக்கமான சிகிச்சையே முன்னேறியிருந்தது என்பது ஒரு விளக்கம். எனக்கு அந்த விளக்கம் பொருந்துகிறது. குழுவின் பெயர்ப்பலகை எத்தனை வருடம் தொங்குகிறது என்பதைவிட, அடுத்து போகும் இடத்தில் யாராவது இவனைத் தெரிந்துகொள்வார்களா என்பதுதான் கேள்வி. இங்கிலாந்தில் 2016-இல், முதல் சைக்கோசிஸ் என்று சந்தேகிக்கப்படுபவர்களில் பாதிப் பேருக்காவது இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று காலக்கெடு வைத்தார்கள். பாராட்ட வேண்டிய விதி. உள்ளே வரும் வாசலுக்கு அப்படி ஒரு கெடு வைத்தது போல, வெளியே அனுப்பும் வாசலுக்கும் ஒன்று வேண்டும்.

எங்களுக்கும் அந்தக் கட்டம் வந்தது. குழுவின் காலம் முடிந்து, நர்ஸின் எண் கையை விட்டுப் போகும் நேரத்தில், தம்பி நன்றாக இருந்தான். நன்றாக இருக்கும்போதுதான் மாத்திரையை நிறுத்தும் எண்ணம் வரும். நியூயார்க்கில் முதல்முறை நோய் வந்து தேறிய 104 பேரைத் தொடர்ந்த ஆய்வில், ஐந்து வருடத்துக்குள் 82 சதவீதம் பேருக்கு ஒருமுறையாவது நோய் திரும்பியது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு அந்த ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு. இதைக் காட்டி, ஆயுசு முழுக்க வாயைத் திறக்காமல் சாப்பிடு என்று சொல்லிவிடலாம். ஆனால் நெதர்லாந்தில் டாக்டரின் மேற்பார்வையில் டோஸை மெல்லக் குறைத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வில், முதலில் நோய் திரும்புவது கூடினாலும், ஏழாவது வருடத்தில் அன்றாட வாழ்க்கையில் தேறியவர்கள் அந்தப் பக்கம்தான் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தார்கள். ஆக, தானாக ஒருநாள் நிறுத்துவது ஒன்று; டாக்டரோடு பேசி, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது முற்றிலும் வேறு. இரண்டாவதைப் பற்றிப் பேசவே விடாத டாக்டரிடம்தான் நோயாளிகள் முதலாவதைச் செய்கிறார்கள்.

கடைசிச் சில சந்திப்புகளில் நர்ஸ் அவனிடம் ஒரு தாளைக் கொடுத்து, அடுத்த முறை வருவதாக இருந்தால் முதலில் எது தெரியும் என்று எழுதச் சொன்னார். நாங்கள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. அவன் எழுதியதில் முதல் வரி தூக்கம். இரண்டாவது, பாட்டு கேட்பதை நிறுத்துவது. அது எங்கள் யார் கண்ணிலும் பட்டதே இல்லை, பாட்டு வரிகள் தன்னிடம் பேசுவதாகத் தோன்றத் தொடங்கியதும் நிறுத்திவிட்டானாம். மூன்றாவது, வண்டி எண்களை மனத்துக்குள் கூட்டிப் பார்ப்பது. அதற்கு எதிரே யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு பத்தி. தூக்கத்தைப் பற்றி அம்மா கேட்கலாம், பாட்டைப் பற்றி நான் கேட்கலாம், மூன்றாவது வந்தால் அவனே டாக்டரை அழைப்பான். அப்பாவுக்கு எழுதியிருந்தது, “எதுவும் கேட்க வேண்டாம், கூட வந்தால் போதும்.” புதிய டாக்டரிடம் முதல் நாள் அந்தத் தாளின் நகலைக் கொடுத்தான், அவர் அதைக் கோப்பின் முதல் பக்கத்தில் வைத்தார். டோஸ் மாறும்போதெல்லாம் அவனும் டாக்டரும் அதை எடுத்துப் படித்துத் திருத்துகிறார்கள். போன தடவை இரண்டாவது வரியை அடித்துவிட்டு வேறொன்று எழுதியிருக்கிறான். இப்போது அதைப் பற்றிக் கேட்க எனக்கு அனுமதி இல்லை, அவனுடன் வேலை செய்யும் ஒரு நண்பருக்கு இருக்கிறது.